ஒரே மேகத்தோடு இருபது நிமிடம்

பணி ஓய்வு பெற்று, சென்னையிலிருந்து வலங்கைமான் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. மாலையில் மாடியில் சாய்வு நாற்காலி போட்டு மேகம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். சிறுவயதில் யானையும் குதிரையும் தெரிந்த வானத்தில் இப்போது பத்து நிமிடத்திற்கு மேல் மனம் நிற்பதில்லை. கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது. முறையாகப் பார்ப்பதற்கு இதில் ஏதேனும் இருக்கிறதா, அதற்குப் படிக்க வேண்டுமா, இல்லை, வீட்டம்மா சொல்வதுபோல் இது வேலையற்றவர் வேலைதானா என்பது அவர் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். வேலையற்றவர் வேலைதான், ஆனால் நம் பக்கத்தில் நாற்று விட்டவர், களத்தில் நெல் காய வைத்தவர், செங்கல் அறுத்து அடுக்கியவர் என வேலையுள்ள எல்லோரும் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது செய்துவந்த வேலையும் இதுவே. மன்னார்குடிக்கு அருகில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்தவன் நான். காலை எட்டரை மணிக்குப் பள்ளியின் மழைமானியில் அளவெடுத்துக் குறித்து வைக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. அளவெடுக்கப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்த பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. உங்களுக்கு ஏன் பத்து நிமிடத்தில் சலித்துப்போகிறது என்பது எனக்கு ஓரளவு புரிகிறது. நீங்கள் வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிறீர்கள். கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. தாவும் கண்ணுக்கு எல்லா மேகமும் ஒரே பஞ்சுப்பொதிதான். யானை, குதிரை பார்ப்பதில் தவறேதும் இல்லை, பேத்தியோடு உட்கார்ந்தால் நானும் அதைத்தான் பார்க்கிறேன். அதில் உள்ள குறை, யானை என்று பெயர் சொன்னவுடன் பார்வையும் முடிந்துபோகிறது என்பதே.

ஆகையால் ஒன்று செய்யுங்கள். மாலைக்கென்று வைத்திருக்கும் நாற்காலியை இரண்டு நாளுக்கு மட்டும் முற்பகல் பத்தரை மணிக்கு, சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு, நிழலில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில்தான் தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று குமிழ் குமிழாக எழத் தொடங்கும். வெறும் வானத்தில் ஓரிடத்தில் கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல ஒரு மங்கல் தோன்றும்; முதலில் அது இருக்கிறதா இல்லையா என்றே ஐயமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, அது மறையும்வரை வேறு எதையும் பார்ப்பதில்லை என்று உட்காருங்கள். மங்கல் கெட்டிப்படும்; அடிப்பக்கம் கோடு போட்டதுபோல் தட்டையாகும்; மேல்பக்கம் பொங்கல் பானையில் நுரை பொங்குவதுபோல முண்டுமுண்டாகப் புடைக்கும். புடைக்கும் ஓரம் கத்தியால் செதுக்கியதுபோல் கூர்மையாக இருக்கும்வரை அது வளர்கிறது என்று பொருள். பிறகு ஏதோ ஒரு பக்கத்தில் ஓரம் நைந்து, பழைய வேட்டியின் கரைபோல நூல் பிரியும். அங்கே வறண்ட காற்று உள்ளே புகுந்து துளிகள் ஆவியாகின்றன. தட்டை அடி கலைந்து, நடுவில் ஓட்டை விழுந்து, கடைசியில் ஒரு கந்தல் மிஞ்சி, அதுவும் நீங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் இல்லாமல்போகும். ஒரு சிறு திரள் மேகத்தின் ஆயுள் பெரும்பாலும் பத்து முதல் முப்பது நிமிடம்தான். காலையில் பார்த்த மேகமே மதியமும் தலைக்கு மேல் நிற்பதாக நாம் நினைப்பது பிழை. ஊர் இருக்கிறது, ஆட்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிறப்பையும் சாவையும் ஒரே ஒரு முறை முழுதாகப் பார்த்தவருக்கு மேகம் பொருளாகத் தெரிவதில்லை, நடப்பாகத் தெரிகிறது. உங்கள் சலிப்புக்கு நான் அறிந்த மருந்து இது ஒன்றே. இனி எழுதுவதெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் கண் எதைக் கவனிக்கலாம் என்பதற்கான துணைச் செய்திகள்.

அடிப்பக்கம் ஏன் தட்டையாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேலெழும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை குளிர்கிறது. எந்த உயரத்தில் அதிலுள்ள ஈரம் துளியாக மாறுகிறதோ அதுவே மேகத்தின் தரைமட்டம்; சுற்றுவட்டாரத்தில் எழும் காற்றெல்லாம் ஏறத்தாழ ஒரே சூட்டிலும் ஈரத்திலும் கிளம்புவதால் எல்லா மேகங்களுக்கும் தரை ஒரே மட்டத்தில் அமைந்துவிடுகிறது. கணக்கும் எளிது. காற்றின் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றிலுள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். வெப்பநிலை 33 பாகை, பனிப்புள்ளி 25 பாகை என்றால் 1,000 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதைப் பதினைந்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த உயரம் வரும். எடையைச் சொன்னால் பேத்தி நம்ப மறுக்கிறாள்: ஒரு கன மீட்டரில் அரை கிராம் நீர் என்று வைத்துக்கொண்டாலும், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு கிலோமீட்டர் உள்ள மேகத்தில் 500 டன் நீர் இருக்கிறது, அதாவது 40 கிலோ பிடிக்கும் நெல் மூட்டையாகக் கணக்கிட்டால் 12,500 மூட்டை. துளி ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருப்பதால் விநாடிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வேகத்தில்தான் விழ முடியும். கீழிருந்து எழும் காற்று அதைவிட வேகமாகத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

இனி நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு காட்சி. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன் என்றாலும் மிகையில்லை. இப்போது ஆவணி. உங்கள் மாடிச் சுவரின் மூலையையோ, மின்கம்பத்தின் உச்சியையோ அசையாத அடையாளமாக வைத்துக்கொண்டு (தென்னை மட்டை உதவாது, அது தானும் ஆடும்) தலைக்கு நேர் மேலே பாருங்கள். தாழ்ந்த திரள் மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போவது எளிதில் தெரியும். அது தென்மேற்குப் பருவக்காற்றின் போக்கு. அவற்றின் இடைவெளியில், மிக உயரத்தில், மயிலிறகின் தூவிபோலவோ சீப்பால் வாரியதுபோலவோ கீற்று மேகங்கள் இருந்தால் அவற்றை ஐந்து நிமிடம் விடாமல் கவனியுங்கள். அவை எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே, நகர்ந்துகொண்டிருக்கும். ஒரே வானத்தில் இரண்டு மாடிகள். கீழ்மாடி கடலை நோக்கிப் போகிறது, மேல்மாடி கடலிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில், தென்மேற்குப் பருவ மாதங்களில், தென்னிந்தியாவின் மேலாகக் கிழக்கிலிருந்து மேற்கே பாயும் பெருங்காற்றோட்டத்தின் வேலை இது. அந்த ஓட்டத்தை 1958-இல் உலகுக்கு விளக்கிக் கட்டுரை எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம். மேலே உள்ளது மெல்ல ஊர்வதுபோல் தோன்றும். உண்மையில் அதுதான் மிக விரைவானது, தொலைவே அதை மெதுவாகக் காட்டுகிறது. ஆகாய விமானம் ஊர்வதுபோல் தெரிவதற்கும் காரணம் அதுவே.

இந்த இரண்டு மாடிகளைப் பிரித்தறியாமல் நான் ஒரு முறை அவமானப்பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி பிற்பகலில், அறுத்த குறுவை நெல்லைச் சித்தப்பா களத்தில் கொட்டிக் காயவைத்திருந்தார். மேற்கே தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கார்திரள் மேகம், அதாவது இடிமேகம், எழும்பி, அதன் தலை அகன்று விரிந்திருந்தது. விரிந்த பகுதி மேற்கு நோக்கியே நீண்டுகொண்டு போவதைப் பார்த்துவிட்டு, “இது நம் பக்கம் வராது, அப்படியே திருச்சிக்குப் போய்விடும்” என்று ஆசிரியருக்கே உரிய உறுதியோடு சொன்னேன். நான் பார்த்தது மேல்மாடியை. மழையைச் சுமந்த உடல் கீழ்மாடிக் காற்றோடு கிழக்கே நடந்து வந்து, முக்கால் மணி நேரத்தில் களத்தின் மேல் இறங்கியது. படுதா எடுத்து வருவதற்குள் நெல் நனைந்துவிட்டது. “வாத்தியார் மேகம் பார்த்த லட்சணம்” என்று சித்தப்பா சொன்னது எங்கள் தெருவில் சில ஆண்டுகள் வழக்குத்தொடராகவே இருந்தது. அதன் பிறகு நான் கற்றுக்கொண்டது இது: இந்த மாதங்களில் மேற்கே உருவாகும் இடிமேகம் தன் விரிந்த தலையை நமக்கு எதிர்ப்பக்கமாகவே அனுப்பிவிடுவதால், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் திடீரென வந்து நிற்கிறது, கிழக்கே, கடற்கரை ஓரமாக எழும் இடிமேகமோ, வராவிட்டாலும், தன் தலையை நம் மேல் விரித்து வெயிலை மறைத்து வீணாக அச்சுறுத்துகிறது.

ஆடி, ஆவணியில் இன்னொன்றும் கவனியுங்கள். குடமுருட்டியில் நீர் இருக்கும் நாளில் கரையில் நின்றால், காலடியில் ஆறும் தலைக்கு மேல் மேகமும் ஒரே திசையில் போகும். மேலே போகும் அந்தக் காற்று அரபிக்கடலிலிருந்து வந்தது. குடகிலும் வயநாட்டிலும் மலைமுகடுகளில் மோதித் தன் நீரின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது வறண்டு, நமக்கு மழை தராத சிறு மேகங்களாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது கொட்டிய நீர்தான் கிருஷ்ணராஜ சாகரம், கபினி அணைகளையும், பிறகு மேட்டூரையும் நிரப்பி, கல்லணையில் பிரிந்து, உங்கள் கால் நனைக்கும் ஆறாக வந்திருக்கிறது. காற்று அந்தத் தொலைவை ஒரு நாளுக்குள் கடந்துவிடும். நீருக்கு மேட்டூரிலிருந்து கல்லணை வருவதற்கே மூன்று நான்கு நாள் ஆகும். எனவே ஆடியில் மழை தராத மேகத்தை நம்மவர்கள் குறை சொல்லும்போது, அது மேற்கே தன் கடனைத் தீர்த்துவிட்டுத்தான் வருகிறது என்பதை நினைத்துக்கொள்வேன்.

இந்த மேகங்களின் வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடவு முடிந்த வயலின் மேல் மேக நிழல் ஓடுவதைப் பாருங்கள். பச்சை ஒரு நொடி கருத்து, மறுநொடி வெளுக்கும். வரப்பில் அறிந்த இடைவெளியில் இரண்டு பனைமரங்கள் இருந்தால், நிழலின் முன்விளிம்பு ஒன்றைத் தொட்டதிலிருந்து மற்றதைத் தொடும்வரை எண்ணுங்கள். நூறு மீட்டரைப் பத்து விநாடியில் கடந்தால் மணிக்கு 36 கி.மீ.; நிழலின் வேகமே மேகத்தின் வேகம்.

சித்திரை, வைகாசியில் காட்சி வேறு. முற்பகலில் கடற்கரையில் கிளம்பும் கடற்காற்று, ஈரமும் குளிர்ச்சியுமாக, ஒரு தாழ்ந்த சுவர்போல உள்நாட்டுக்குள் நகரும். அதன் முன்விளிம்பில், வெப்பமான தரைக்காற்று மேலே தள்ளப்படுவதால், வேலி கட்டியதுபோல் வரிசையாக மேகங்கள் எழும். நாகப்பட்டினத்திலிருந்து வலங்கைமான் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கி.மீ.; ஆகவே அந்த வரிசை உங்கள் தலைக்கு மேல் வர மாலை மூன்று, நான்கு மணி ஆகலாம். வரிசை கடந்ததும் காற்று சட்டென்று கிழக்குக்கு மாறி, வியர்வை உலர்ந்து, பின்னால் வானம் வெறிச்சென்று தெளிந்துவிடும். அதே மேகங்களை மேற்கே அடிவானத்தில் பொன்னிறமாக, ஒன்றின் தோளில் மற்றொன்று ஏறி நிற்பதாகப் பார்த்தபடி தேநீர் குடிப்பது எனக்கு ஆண்டின் மிக இனிய நேரம். பேரளவு வளர்ந்த மேகத்தின் உச்சி 15 கி.மீ. உயரம் வரை போகும். மலையில்லாத நம் சமவெளியில், தூசில்லாத நாளில், அதை 200 கி.மீ.க்கு அப்பாலிருந்தும் காண இயலும். இரவில் அடிவானத்தில் ஓசையே இல்லாமல் மின்னிக்கொண்டிருப்பது அத்தகைய தொலைதூர மேகம்தான். இடியோசை பொதுவாக இருபது, இருபத்தைந்து கி.மீ.க்கு மேல் வந்து சேர்வதில்லை. மின்னலைக் கண்டு இடியைக் கேட்கும்வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். அந்தத் தொலைவு பத்து கி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் நாற்காலியை மடக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள், மாடி அதற்கு ஏற்ற இடமில்லை.

ஐப்பசி பிறந்ததும் வானத்தின் வாசல் மாறுகிறது. நம் பழந்தமிழில் கொண்டல் என்பது மேகத்துக்கும் பெயர், கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கும் பெயர். தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை. நீரைக் கொண்டது கொண்டல், எழுவது எழிலி, கருத்தது கார் என்று, உருவத்தைவிட நடத்தையையும் நிறத்தையும் வைத்துப் பெயரிட்ட கண் அது. கடல் பருகி எழுந்த எழிலி என்று முல்லைப்பாட்டு தொடங்குகிறது. அதைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகரின் மகன் என்பதை நினைத்தால், அந்த வரி ஏட்டுக் கற்பனையாகத் தோன்றுவதில்லை. பூம்புகார்க் கரையில் ஐப்பசிக் காலையில் நிற்கும் எவரும் இன்றும் அப்படியே காணலாம். வடகிழக்கிலிருந்து தாழ்ந்த, கிழிசலான மேகங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். அவற்றுக்குப் பின்னால் கடலுக்கும் வானுக்கும் இடையே சாம்பல் நிறத் தூண்களாக மழைக்கால்கள் ஊன்றியிருக்கும். கடலோரத்தில் அந்த மழை பின்னிரவிலும் விடியலிலும்தான் மிகுதி, ஏனெனில் அப்போது கடல் நிலத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. நம் மாவட்டங்களின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கிடைப்பது. மப்பும் மந்தாரமுமாக நான்கு நாள் வானம் முழுதும் மூடிக்கிடந்தால் அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நானும் அப்போது புத்தகம்தான் படிப்பேன்.

படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பெயர்கள் பத்துதான், ஒரு மாலையில் பழகிவிடலாம். லண்டனில் மருந்து வணிகம் செய்த லூக் ஹோவார்ட் 1802-இல் ஓர் உரையில் கீற்று, திரள், படை, கார் எனப் பொருள்படும் நான்கு இலத்தீன் பெயர்களை இட்டார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவையே இன்றைய பத்து வகைகளும். நம் பாடநூல்களில் கீற்று, கீற்றுத்திரள், கீற்றுப்படை, இடைப்பட்ட திரள், இடைப்பட்ட படை, கார்படை, படைத்திரள், படை, திரள், கார்திரள் என்று வழங்குகின்றன. இவற்றில் குழப்பம் தருவது மீன்செதில்போலவும் ஆட்டு மந்தைபோலவும் பரந்து கிடக்கும் வகைகள்தாம். அவற்றுக்கு விரலே அளவுகோல். அடிவானத்தை விட்டு நன்கு உயர்ந்த பகுதியில், கையை நீட்டி, ஒரு தனித் துண்டின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். சுண்டுவிரலுக்குள் மறைந்துவிட்டால் கீற்றுத்திரள். சுண்டுவிரலை விடப் பெரிதாக, மூன்று விரலுக்குள் அடங்கினால் இடைப்பட்ட திரள். மூன்று விரலையும் மீறினால் படைத்திரள். பெயர் தெரிந்தால் இன்பம் கூடுமா என்றால், எனக்குக் கூடியது. ஆனால் பெயரை முதலில் கற்றுக்கொண்டு வானத்தில் தேடாதீர்கள். முதலில் இருபது நிமிடம் பாருங்கள், பிறகு பெயரைத் தேடுங்கள். முறை மாறினால் யானை, குதிரைக்குப் பதிலாகக் கீற்று, திரள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோவீர்கள்.

நிலவைச் சுற்றிக் கட்டும் வட்டத்தைப் பற்றி ஒரு சொல். “அகல்வட்டம் பகல் மழை” என்பார்கள். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை உள்ள அளவு ஏறத்தாழ 22 பாகை; நிலவிலிருந்து அந்தத் தொலைவில் அமையும் பெரிய வட்டம் கீற்றுப்படை மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி முறிவதால் உண்டாவது. நிலவை ஒட்டியே பழுப்பும் நீலமுமாகத் தோன்றும் சிறு வட்டம் வேறு. அது தாழ்ந்த மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவாகும்போது அதன் மேல்மாடிப் பனிப்படலம் முன்னதாகவே பரவி வருவதுண்டு; ஆகவே பழமொழியில் காரணம் இருக்கிறது. என் குறிப்பேட்டை வைத்துச் சொன்னால் சில முறை பலித்தது, பல முறை வட்டம் மட்டும் மிஞ்சியது.

மார்கழியில் மேகம் தரைக்கே இறங்கி வருகிறது. விடியலில் வயல் மேல் கிடக்கும் பனிமூட்டம் தரையைத் தொட்ட படை மேகமே தவிர வேறில்லை. வெயில் ஏற ஏற அது தரையை விட்டு எழும்பி, பனைமரத்தின் இடுப்பளவு உயர்ந்து, பிறகு துண்டு துண்டாகித் திரளாக மாறுவதை ஒரே இருப்பில் பார்க்கலாம். அம்மாதத்தின் பிற்பாதியில் பதினான்கு நாள் கர்ப்போட்டம் என்று பஞ்சாங்கத்தில் குறித்திருப்பார்கள். மேகங்கள் அப்போது சூல் கொள்கின்றன, அந்நாட்களின் மேக ஓட்டத்தைக் கொண்டு அடுத்த பருவ மழையைச் சொல்லலாம் என்பது நம்பிக்கை. மழை முன்னறிவிப்பாக அதை நான் நம்பவில்லை. ஆனால் எங்கள் தாத்தா அந்தப் பதினான்கு நாளும் விடியலில் திண்ணையிலிருந்து இறங்கி நடுத்தெருவில் நின்று, மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பார்வைக்கு ஈடாக என் புவியியல் வகுப்பில் எந்த மாணவனும் வானத்தைப் பார்த்ததில்லை.

எல்லா மேகமும் இன்பமில்லை என்பதை டெல்டாவில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 15 இரவும் மறுநாள் விடியலுமாக நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்த ஊர்களுக்குப் போனபோது, அதுவரை மட்டைகளுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரிந்த வானம் அடிவானம் வரை திறந்து கிடந்தது. அவ்வளவு பெரிய வானத்தை அந்த ஊர்க்காரர் யாரும் விரும்பவில்லை. நானும் அன்று மேலே பார்க்கவில்லை.

நடைமுறையில் இரண்டு மூன்று செய்திகள் மட்டும். வெண்மை மிகுந்த மேகத்தை நேரே பார்த்தால் கண் கூசி உள்விவரம் தெரியாது. நடவுக்கு முன் நீர் நிறுத்திய வயலிலோ, மன்னார்குடி ஹரித்ராநதி, திருவாரூர் கமலாலயம் போன்ற பெருங்குளத்தின் படியிலோ காற்றில்லாத காலையில் குனிந்து பாருங்கள். நீர் தன்மேல் விழும் ஒளியில் சிறு பங்கையே திருப்பி அனுப்புவதால், வெள்ளைக்குள் இருக்கும் மடிப்புகளும் நிழல்களும் மேலே பார்ப்பதைவிடத் தெளிவாகத் தெரியும். சூரியனின் பிம்பம் விழும் இடத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கைப்பேசியை முழுதும் விலக்க வேண்டியதில்லை. பார்த்து முடித்த பிறகு காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து, நீங்கள் நினைத்தது சரியா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். ரேடார் காட்டுவது மழைத்துளியை; சிறு துளிகளாலான வெறும் மேகம் அதன் கண்ணில் படுவதில்லை. உங்கள் தலைக்கு மேல் அழகிய திரள் மேகம் நிற்கும்போது படம் வெறுமையாக இருந்தால் திகைக்க வேண்டாம்.

வீட்டம்மாவிடம் இதைக் காட்டி வாதாடவும் வேண்டாம். கொடியில் துணி உலர்த்துகிறவர்களும் மாடியில் வடாம் பிழிகிறவர்களும் நம்மைவிட நெடுங்காலமாக வானத்தைப் பார்த்து வருகிறவர்கள். என் வீட்டில் வடாம் தட்டை உள்ளே எடுக்கச் சொல்லும் குரல் கீழிருந்து வருவதும், நான் மாடியில் மேகத்தின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சில நாள் குரல் முந்திக்கொள்கிறது.